நோட்டில் இல்லாதது

டைல்ஸ்காரர் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியூர் போய் வரலாம். வைத்த இடத்திலேயே இருக்கும் என்பார்கள். குளியலறைத் தரைக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லாது. அதற்கு வாட்டம் வேண்டும். மீட்டருக்கு ஒரு விரற்கடை. கண்ணுக்குத் தெரியக் கூடாது, தண்ணீருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

இருபத்திரண்டு வருஷம் முட்டி போட்டுச் செய்த வேலை. இரண்டு முட்டியும் பழைய தோல்பை மாதிரி காய்த்திருந்தன. ரசமட்டத்தில் குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒட்டிய கல்லைப் பெயர்த்துவிடுவார். கூட வேலை செய்பவன் பெயர் ஒல்லி. பெயருக்குத்தான் ஒல்லி, ஆள் சிமெண்டு மூட்டை. "அண்ணே, பசை காயறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க" என்பான்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டுச் சமையலறையில் தினம் மூன்று வேளை என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. மனைவி ஒரு நோட்டைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

நாற்பது பக்க நோட்டு. முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தாள். மகன் கண் விழிப்பதிலிருந்து கண் மூடுவது வரை.

மகனுக்கு எட்டு வயது. மூன்று வயதில் டாக்டர் ஆட்டிசம் என்றார். இருபது சொல் பேசுவான்; அதில் பாதி அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் புரியும். வீட்டில் எல்லாம் அவன் வைத்த சட்டப்படி நடப்பதால் டைல்ஸ்காரரின் அக்கா அவனுக்குத் துரை என்று பட்டம் கட்டினாள். அதுவே நிலைத்துவிட்டது.

டைல்ஸ்காரர் நோட்டைப் பிரித்தார்.

"எழுப்பக் கூடாது. திரையை ஒரு சாண் விலக்கினா போதும். அவனே எழுந்துப்பான்."

"சட்டைக் கழுத்துல இருக்கிற லேபிளை வெட்டினா போதாது. தையலைப் பிரிச்சு வேரோட எடுக்கணும்."

"மிக்சி போடுறதுக்கு முன்னாடி 'சத்தம்'னு சொல்லி மூணு எண்ணணும். எண்ணாம போட்டா அன்னிக்குப் பொழுது போச்சு."

"தெருவுல லாரி பின்னால வர்ற சத்தம் கேட்டா காதைப் பொத்திப்பான். நாமளும் பொத்திக்கணும். தனக்கு மட்டும் கேக்குதோன்னு பயம் அவனுக்கு."

இந்த இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பருப்பு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ காதைப் பொத்திக்குவியா?"

"ஆமா."

"ஒவ்வொரு லாரிக்கும்?"

"ஒரு நாளைக்கு நாலோ அஞ்சோதாங்க வரும்."

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"ஆறரைக்குக் கிளம்பிருவீங்க. வரும்போது அவன் படுத்திருப்பான். ஞாயித்துக்கிழமை அவனைக் குளிப்பாட்டுறீங்க, தண்ணியில விளையாட வெக்கிறீங்க. அது போதும்னுதான் நான் மத்ததைச் சொல்லல." டப்பாவை மூடினாள். "இப்போ சொல்ல வேண்டி வந்திருச்சு."

அவளுக்குப் பித்தப்பையில் கல். மூன்று மாதமாக வலி என்று டாக்டரிடம் டைல்ஸ்காரர் எதிரிலேயே சொன்னாள். டாக்டர் அவளைப் படுக்க வைத்து வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். அவள் முகம் வெளுத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாளைத் துரைக்குக் காய்ச்சல் என்று தள்ளினாள். இரண்டாவதை அக்காவால் வர முடியவில்லை என்று தள்ளினாள். மூன்றாவது முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். அதற்குக் காரணமே சொல்லவில்லை. டாக்டர் இந்தத் தடவை அவளிடம் பேசவில்லை, இவரிடம் பேசினார். "பை வீங்கியிருக்கு. இன்னொரு தடவை தள்ளிப்போட்டா உள்ளேயே கிழியும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

அவளுக்குப் பயம் கத்தி மேல் இல்லை. தட்டு மேல்.

துரை வெள்ளையாக இருப்பதைத்தான் சாப்பிடுவான். மூன்று வேளையும் ஒன்றே. ஏழு துண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, ஓரம் வெட்டிய ரொட்டி, ஆறிய பால். இரண்டரை வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த முதல் மாதத்தில் அவன் சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு அமைந்தது. அமைந்தது அமைந்ததுதான். அதற்குப் பிறகு அதில் ஒரு பொட்டுக்கூட யாராலும் சேர்க்க முடியவில்லை. ஒருமுறை அவள் முட்டை வெள்ளைக்கருவை ஓரமாக வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தான். மூன்றாம் நாள் கையில் ஊசி குத்தி நீர் ஏற்ற வேண்டி வந்தது. அவனைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர். அவன் கத்திய சத்தம் அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை.

அவள் இல்லாத வீட்டில் அவன் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அவளும் ஒரு வேளைகூட வீட்டில் இல்லாமல் இருந்ததில்லை. விசேஷ வீடு, துக்க வீடு, எங்கே என்றாலும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவாள். கண்ணாஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்த வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. வீடு, தெருமுனைக் கடை, துரையின் பள்ளி. பள்ளியும் காலை இரண்டு மணி நேரம்தான். அவ்வளவுதான் அவள் உலகம். ஆனால் அந்த உலகத்தில் அவளுக்குத் தெரியாத இண்டு இடுக்கு கிடையாது.

*

மழை விட்டு விட்டுப் பெய்த வாரம். காலை பத்து மணிக்கு வாடகைக் கார் வந்தது. சுவரில் நான்கு கட்டம் வரைந்திருந்தாள். ஒரு கட்டம் ஒரு நாள். நான்கையும் அடித்தால் அம்மா வருவாள். அதைத் துரைக்கு ஒரு வாரமாகச் சொல்லிக் காட்டியிருந்தாள்.

அவள் கார் ஏறும்போது துரை அவளைப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தைப் பார்த்தான். சக்கரம் சேற்றில் ஒரு சுற்றுச் சுற்றியபோது கைதட்டினான்.

"பெத்தவ போறா, டயருக்குக் கைதட்டுறான் பாரு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த டைல்ஸ்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சமையலறை மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. கை வைத்தால் ஆடும். இரண்டரை வருஷமாக அது அவருக்குப் பல்லில் சிக்கிய நார். அவள் வரும்போது ஆடாத மேசை இருக்கட்டும் என்று ஒரு கல்துண்டைத் தேய்த்து ஆப்பு செய்து காலுக்கடியில் செருகினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது.

பிறகு உருளைக்கிழங்கு. நோட்டில் அதற்கே ஒரு பக்கம். "ஏழு துண்டு. ஒண்ணோடொண்ணு தொடக் கூடாது. எல்லாம் ஒரே அளவு." டைல்ஸ்காரர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கழுவினார்.

அக்கா வாயில் கைவைத்தாள். "டேய், உருளைக்கிழங்குக்கு அளவுகோல் வெக்கிற ஆளை இன்னிக்குத்தான்டா பாக்குறேன்."

"ஒரே அளவுன்னு எழுதியிருக்கா."

"அவ கண்ணால சொல்லியிருப்பா."

"என் கண்ணு ஸ்கேலுதான். நீ பேசாம இரு."

நீலத் தட்டில் ஏழு துண்டு, கல்லுக்கு நடுவே ஸ்பேசர் வைத்தது போல ஒரே இடைவெளி. பன்னிரண்டரைக்குத் துரை வந்து உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். சாப்பிடவில்லை. காத்திருந்தான். அதைக் காத்திருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அடம் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு பஸ் வராது என்று தெரிந்தவன் மாதிரி எழுந்து போனான். வாசல் தூம்பிலிருந்து மழைத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பசிச்சா தன்னால வருவான்" என்றாள் அக்கா.

"வர மாட்டான்க்கா. போன தடவை ரெண்டு நாள்."

"அப்போ மூக்கைப் புடிச்சு ஊத்து. நாமெல்லாம் அப்படித்தான் வளந்தோம்."

"ஊத்தினா நாளைக்கு என்னைப் பாத்தா தட்டையே தொட மாட்டான். ஆறாம் பக்கத்துல எழுதியிருக்கா."

"எல்லாம் எழுதியிருக்கா. திங்க மட்டும் எழுதல."

*

மூன்று மணிக்கு வேலை இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நேற்று ஒட்டிய குளியலறைக்கு இன்று கல் இடுக்குகளில் மாவு பூசியாக வேண்டும். மழைக்காலப் பசை லேசில் இறுகாது. ஒல்லி தனியாகச் செய்தால் கல்லை மிதித்துவிடுவான். இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒல்லி பூச்சுமாவைக் குழைத்துக் கொடுக்க, இவர் ரப்பர் கரண்டியால் இடுக்குகளில் குறுக்காக இழுத்தார். குறுக்காக இழுத்தால்தான் உள்ளே போனது வெளியே வராது. ஈரப் பஞ்சால் துடைத்தபோது கோடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"பையன் சாப்டானா அண்ணே?"

"இல்லடா."

"அண்ணி எழுதிக் குடுத்தபடிதானே செஞ்சீங்க?"

"ஒரு எழுத்து மாறாம."

"வேற எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல." கை நின்றது. "மேசை ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஆப்பு வெச்சேன்."

ஒல்லி வாளியைக் கீழே வைத்தான். "மேசைக்கு வெச்சீங்களா, உங்களுக்கே வெச்சுக்கிட்டீங்களா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. டைல்ஸ்காரர் கையைக் கழுவினார். மீதியை நீயே துடை, ஓரத்தை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு மழையோடு வண்டியை எடுத்தார்.

வந்ததும் ஆப்பை உருவினார். துரை எங்கிருந்தோ வந்து நின்றான். மேசை மூலையில் கை வைத்து அழுத்தினான். குட்டைக் கால் தரையில் தட்டியது. டொக். மறுபடி அழுத்தினான். டொக். அவன் முகம் திறந்தது. வேறு சொல் இல்லை அதற்கு. பூட்டியிருந்த கடை திறந்த மாதிரி.

"அட, இதுதானா!" என்று அக்கா உருளைக்கிழங்கை அடுப்பில் போட்டாள்.

ஆறரைக்கு ஏழு துண்டு. துரை வந்து உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். பிறகு மேசை மூலையைப் பார்த்தான். காத்திருந்தான். டைல்ஸ்காரர் விரலால் மேசையை ஆட்டிக் காட்டினார். டொக். அவன் திரும்பவில்லை. அந்த மூலையையே பார்த்தான். யாரோ வந்து நிற்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது போல. கால் மணி நேரம். எழுந்து போனான். தண்ணீர் மட்டும் குடித்தான்.

ஏழரைக்கு போன் வந்தது.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"எத்தனை துண்டு?"

"ஆறு. ஒண்ணை வெச்சுட்டான்."

வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"சாப்பிட்டா ஏழு. இல்லேன்னா ஒண்ணுமில்ல. அவனுக்கு ஆறு கிடையாதுங்க. எதுக்குப் பொய் சொல்றீங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மதியமும் சாப்பிடலையா?"

"இல்ல."

"காலைல ஒன்பதரைக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். அதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குவாங்க. ஏழு மணிக்கு அவன் சாப்பிடலேன்னா நான் போட மாட்டேன். கிளம்பி வந்துருவேன்."

"உனக்கு என்ன பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேல்ல?"

"டாக்டரா வந்து அவனுக்குச் சோறு போடுவாரு?"

"நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல."

"இருக்கீங்க." குரல் தாழ்ந்தது. "ஊசி குத்தினப்போ அவன் கத்தினதை நீங்க கேக்கல. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. நான்தான் காலைப் புடிச்சிருந்தேன்."

போனை வைத்துவிட்டாள்.

அக்கா அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவ எதையோ எழுத மறந்துட்டா."

"முப்பத்தொரு பக்கம் எழுதினவ மறப்பாளா?"

"தலை சீவும்போது எந்தக் கால் முன்னாடி வெக்கிறேன்னு உனக்குத் தெரியுமா? தெரியாததை எப்படிடா எழுதறது?"

அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். தரையில் எங்கோ ஒரு கல் அடியில் பொள்ளலாக இருக்கிற மாதிரி; தட்டித் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தட்டிக்கொண்டே போனார். எல்லாக் கல்லும் கணீர் என்றது.

*

காலை. மழை நின்று, தூம்பில் சொட்டு மட்டும். திரையை ஒரு சாண் விலக்கினார். துரை தானாக எழுந்தான். பல் தேய்த்தான். சுவரில் முதல் கட்டத்தைக் கரியால் அடித்தான். கோடு கட்டத்தை விட்டு வெளியே போகவில்லை.

ஏழுக்கு ஐந்து நிமிடம். டைல்ஸ்காரர் ஸ்கேலை எடுக்கவில்லை. கண்ணால் வெட்டினார். ஏழு துண்டு. தட்டை வைத்தார். மேசை ஓரத்தில், துரைக்கு எதிரில், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

துரை தட்டைப் பார்த்தான். மூலையைப் பார்த்தான். அவருடைய கையைப் பார்த்தான்.

கை நீட்டி அவர் இடது மணிக்கட்டைப் பிடித்தான். எட்டாத இடத்தில் இருப்பதை எடுக்க அவன் அம்மா கையை அப்படிப் பிடித்து இழுப்பான். கையைப் பிடிப்பான், ஆளைப் பார்க்க மாட்டான். அவர் கையை ஒருமுறையும் இப்படிப் பிடித்ததில்லை. உள்ளங்கையை மேசை மூலையில் கவிழ்த்து வைத்தான். மேலிருந்து அழுத்தினான். டொக்.

அவர் அசையவில்லை.

துரை நாற்காலியை விட்டு இறங்கினான். மேசையைச் சுற்றி வந்தான். அவருடைய வலது கையை எடுத்தான். அவர் வலது விலாவுக்குக் கீழே வைத்தான். ஒதுங்கிப் பார்த்தான். சரியில்லை போலும். இரண்டு விரல் மேலே நகர்த்தினான். புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான், கல்லை ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வைப்பது மாதிரி. பிறகு இடுப்பைப் பிடித்து முன்பக்கம் கொஞ்சம் தள்ளினான். அவர் குனிந்தார். உடம்பின் பாரம் இடது கையில் இறங்கியது.

அவர் வாயைப் பார்த்தான்.

பல்லுக்கிடையில் காற்றை இழுத்துக் காட்டினான். "ஸ்ஸ்."

டைல்ஸ்காரர் இழுத்தார். "ஸ்ஸ்."

இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடி காட்டினான். இந்த முறை நீளமாக. முடியும் இடத்தில் மூச்சு எதிலோ இடறி நின்று, அப்புறம் மெதுவாக வெளியே வந்தது.

அவர் அதே மாதிரி செய்தார். நீளமாக இழுத்து, இடறி, விட்டார்.

துரை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முதல் துண்டை எடுத்தான்.

பால் டம்ளரோடு வந்த அக்கா நிலைப்படியிலேயே நின்றாள். "என்னடா இது கூத்து? ஆளாளுக்கு…" தம்பி நின்ற நிலையைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

இரண்டு. மூன்று.

டைல்ஸ்காரர் அப்படியே நின்றார். அசைந்தால் கலைந்துவிடும் என்று பயம். வலது கை விரல்களுக்குக் கீழே தன் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. இந்த இடம். டாக்டர் இரண்டு விரலை வைத்து அழுத்திய இடம். இதே இடம்தான், ஒரு விரல் தப்பாமல்.

நான்கு. ஐந்து.

தட்டை வைத்துவிட்டு அவள் இப்படி நின்றிருக்கிறாள். மேசையைப் பிடித்து, பாரத்தைக் கையில் இறக்கி, பல்லைக் கடித்து மூச்சை வாங்கி, அது விடும்வரை நின்றிருக்கிறாள். அவளுக்கே தெரியாமல் நின்றிருப்பாள், தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள். தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவன் என்று எல்லோரும் சொல்லும் பிள்ளை, தலை நிமிராமல் அதைப் பார்த்திருக்கிறான். கையின் இடம், விரலின் இடம், மூச்சு இடறும் இடம். ஒன்றும் சிந்தாமல் வைத்திருக்கிறான்.

எட்டு வருஷமாகத் தன் வீட்டில் இருக்கும் ஆள் யார் என்று அப்போதுதான் பார்ப்பது போல மகனைப் பார்த்தார். அவன் ஆறாவதை மென்றுகொண்டிருந்தான். உதட்டோரத்தில் உப்பு.

"போன் போடுக்கா" என்றார். "ஸ்பீக்கர்ல போடு. நான் கையை எடுக்க மாட்டேன்."

மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள். யாரும் பேசவில்லை. துரை ஏழாவது துண்டைத் தின்றான். ரொட்டியைத் தின்றான். பாலைக் குடித்தான். எழுந்து தட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோய், வழக்கம் போல ஒரு முழ உயரத்திலிருந்து போட்டான். வெறும் தட்டைத்தான் போடுவான். ணங்கென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

போனில் ஒரு மூச்சு.

"ஏழா?" என்றாள்.

"ஏழு."

"பாலும்?"

"பாலும்."

"சரி. கையெழுத்துப் போடறேன்."

*

தட்டைக் கழுவும்போது இன்னொன்று உறைத்தது.

மூன்று மாத வலி என்றாள். ஆனால் துரையின் சாப்பாட்டில் மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வந்த எதற்கும் இடம் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம் அது இறுகியது. அதற்குப் பிறகு ஒரு துளி முட்டைகூட உள்ளே போகவில்லை. அவள் நின்ற நிலை அதில் இருக்கிறது என்றால் அது அன்றே இருந்திருக்க வேண்டும். இடுக்குப் பூசுவதற்கு முன் விழுந்த மணல்தான் உள்ளே இருக்கும்.

இரண்டரை வருஷம். தினம் மூன்று வேளை. மனதில் பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"அவனுக்கு அது வலின்னு தெரியுமாடா?" என்று அக்கா கேட்டாள். அவள் இவ்வளவு சின்னக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை.

"தெரியலக்கா."

"தெரியாமலா விலாவைத் தேடிக் கையை வெச்சான்?"

"தெரியல."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் போனில் சொன்னாள். மதியமும் அவர் அப்படியே நின்றார். ஏழு துண்டு. சாயங்காலமும் ஏழு. மூன்றாவது முறை துரை கையைத் திருத்தவில்லை. சொல்லிக் கொடுத்த வேலையை ஆள் கற்றுக்கொண்டான் என்று விட்டுவிட்டான்.

*

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெண்கள் வார்டு, எட்டுக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் அவள் கொஞ்சம் சாய்ந்து படுத்திருந்தாள். முகத்தில் ஏதோ குறைந்திருந்தது. என்ன என்று முதலில் பிடிபடவில்லை. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கும் கோடு இல்லை.

பக்கத்துக் கட்டிலில் பருத்த அம்மாள் ஒருத்தி, சர்க்கரைப் புண்ணுக்காகக் காலில் கட்டோடு, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க. நேத்திலேர்ந்து உங்க பிள்ளை புராணம்தான். ஏழு துண்டு, ஏழு துண்டுன்னு மயக்கத்துலயும் எண்ணிக்கிட்டு இருந்தா. நர்ஸு பயந்துட்டா, தையலை எண்ணுறாளோன்னு."

மனைவி சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வெக்காதீங்கம்மா, இழுக்குது."

டைல்ஸ்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் ஏழா?" என்றாள்.

"ஏழு. கட்டம் ரெண்டு அடிச்சுட்டான்."

"கடைசியில என்னதான் செஞ்சீங்க? எதை நான் எழுதாம விட்டேன்?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். உனக்கு வலி எப்பலேர்ந்து?"

"சொன்னேனே. மூணு மாசம்."

"இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கு வந்தப்பலேர்ந்து" என்றார்.

அவள் போர்வை நுனியை மடித்தாள். பிரித்தாள். "யாரு சொன்னா?"

"துரை சொன்னான்."

எழுந்து உட்காரப் பார்த்தாள். அவர் தோளைப் பிடித்துச் சாய்த்தார்.

"பேசினானா?"

"பேசல. தட்டை வெச்சுட்டு நீ எப்படி நிப்பேன்னு என்னை நிக்க வெச்சுக் காட்டினான். அப்படி நின்னாத்தான் அவனுக்குச் சாப்பாடு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"எப்பவாவதுதான் வரும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். "குனிஞ்சு தட்டை வெக்கும்போது புடிக்கும். மேசையைப் புடிச்சுக்கிட்டா விட்டுரும். அப்புறம் அது பழகிப்போச்சு. பழகிட்டா அதை வலின்னு எண்ணத் தோணல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஆஸ்பத்திரின்னுவீங்க. ஆஸ்பத்திரின்னா நாலு நாளுன்னுவாங்க."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். ஒரு மயிரிழையும் தப்பாத கண். அந்தக் கண்ணுக்கு இரண்டரை வருஷம் தப்பியிருக்கிறது.

"அவன் என் முகத்தையே பாத்ததில்லைங்க" என்றாள். "பள்ளிக்கூடத்துல டீச்சர், அம்மாவைப் பாரு, அம்மாவைப் பாருன்னு முகவாயைத் திருப்புவாங்க. கண்ணை மூடிப்பான். நானும் விட்டுட்டேன். பாக்காட்டி என்ன, நான் பாக்கறேன்ல, போதும்னு இருந்தேன்."

கண்ணில் நீர் நின்றது. விழவில்லை.

"எப்படி நிக்க வெச்சான்?" என்றாள். "எனக்குக் காட்டுங்க."

"இங்கேயா?"

"நான் பாக்கணும்."

அவர் எழுந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து வைக்கும் சின்ன இரும்பு அலமாரி இருந்தது. அதன் மூலையில் இடது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். வலது கையை விலாவுக்குக் கீழே வைத்தார். இரண்டு விரல் மேலே நகர்த்தினார். கொஞ்சம் குனிந்து பாரத்தைக் கையில் இறக்கினார். பல்லுக்கிடையில் காற்றை இழுத்தார். நீளமாக. இடறும் இடத்தில் இடறினார்.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வாய் லேசாகத் திறந்தபடி, பார்த்தாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஆரஞ்சைக் கீழே போட்டாள். "ஐயோ, என்னம்மா உங்க வீட்டுக்காரருக்கும் வலி வந்துருச்சா? நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்மா" என்றாள் அவள், அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருக்கு ஒண்ணுமில்ல. அது நான்."